காமரா உள்

பரங்கித்துறையில் அந்த வருஷம் ஆடிக் காற்று அடங்கி ஆவணி பிறந்திருந்த ஒரு காலையில், முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் பிலோமினா, வெள்ளையடிக்க ஆள் வருவதாக இருந்ததால், நெடுங்காலமாகப் பூட்டிக் கிடந்த காமரா உள் என்னும் தெருவோர அறையைத் திறந்து காலெடுத்து வைத்தபோது, எதிர்ச் சுவரில் தெரு தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அவள் பயந்துவிடவில்லை. ஜன்னல் பலகையில் பட்டாணி அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. இருட்டறைக்குள் அப்படி ஓர் ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தால் வெளியே இருப்பதெல்லாம் சுவரில் தலைகுப்புற விழும் என்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். வானம் தரையோரம் கிடந்தது, வீடுகள் மேலேயிருந்து தொங்கின, ஒரு சைக்கிள் சக்கரம் மேலாகப் போயிற்று. ஒட்டடைக் கம்போடு மூலைக்குப் போனவள், சுவரில் ஒரு பூவரச மரம் காற்றில் ஆடுவதைப் பார்த்து நின்றாள். அந்தத் தெருவில் பூவரச மரம் கிடையாது. முன்பு இருந்தது. சுனாமி அன்று போய்விட்டது.

மரத்தடியில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த செபஸ்தியம்மாள் போய்ச் சேர்ந்தும் அதே அளவு காலமாகிவிட்டது. அவள் கூடையிலிருந்து வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், சத்தம் மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில், வெள்ளைச் சட்டையும் இடுக்கிய குடையுமாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆரோக்கியநாதன் தெருவில் இறங்கி, பெடலில் ஒரு காலை வைத்துத் தத்தித் தத்தி ஏறி, பள்ளிக்கூடத்துக்குப் போனார். பிலோமினா கம்பைச் சாய்த்து வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் புருஷன்.

வெள்ளையடிக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்ப்பா" என்று அனுப்பிவிட்டாள்.

பரங்கித்துறைக்குப் போர்ச்சுகீசியர் வந்து, அவர்களைத் துரத்திக்கொண்டு டச்சுக்காரர் வந்து, எல்லாரும் போய், கட்டிய கோட்டைகளையும் கடல் கொண்டுபோய், கடைசியில் அவர்கள் விட்டுப்போனதென்று மிஞ்சியது சில வார்த்தைகள்தான். ஜன்னல், அலமாரி, சாவி, மேஜை என்று சொல்லும்போது யாருக்கும் கப்பல் ஞாபகம் வருவதில்லை. அதுபோலவே, பழைய வீடுகளில் நடைக்குப் பக்கத்தில் தெருவைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு இருக்கும் அறைக்குக் காமரா உள் என்று பெயர், ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் பிலோமினா கேட்டாள். குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்து, அவளைப் பார்த்த பிறகு பாதியில் வெளியே வந்து, அங்கேயிருந்து லத்தீனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர் ஆரோக்கியநாதன். பங்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் போகாமல் விடமாட்டார்.

"கேமரான்னா போட்டோ புடிக்கிறதுதானே? வீட்டு ரூமுக்கு எதுக்குங்க அந்தப் பேரு?"

"நீ தலைகீழாக் கேக்குற. ரூமோட பேரைத்தான் போட்டோ பெட்டிக்கு வச்சிருக்கான்." அவர் அவளைத் தோளைப் பிடித்து அறையின் நடுவில் நிறுத்தி, மேலே பார்க்கச் சொன்னார். செங்கல்லை வளைத்துக் கட்டிய கூரை. "லத்தீன்ல காமெரான்னா இதுதான். வளைவுக் கூரை போட்ட அறை. வேற ஒண்ணுமில்ல."

பிறகு ஜன்னலையும் கதவையும் சாத்தி, பலகை ஓட்டையை மட்டும் விட்டு, அவளுக்குச் சுவரில் தெருவைக் காட்டினார். உலகத்தின் முதல் கேமரா ஓர் அறைதான் என்றார். இருட்டறை என்று லத்தீனில் இரண்டு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பெட்டி சின்னதாகச் சின்னதாக இருட்டை விட்டுவிட்டு அறையை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். "உங்க ஜட்ஜு உக்கார்ற சேம்பரு, அதுவும் இந்த வார்த்தையோட பேத்திதான், பிரான்சு வழியா வந்தது. காம்ரேடுன்னு கொடி புடிச்சிக்கிட்டுப் போறாங்கல்ல, அதுவும் இந்த வம்சந்தான். ஒரே காமராவுல பாய் விரிச்சுப் படுக்கிறவன்னு அர்த்தம்."

"அப்ப நாம ரெண்டு பேரும்?"

"நாமதான் அசல் காம்ரேடு" என்றார் அவர். அப்புறம் பல நாள், சமையல்கட்டில் வந்து நின்று, "காம்ரேட், சாப்பாடு ஆச்சா?" என்று கேட்பார். அவள் கரண்டியைக் காட்டுவாள்.

அன்று தெருவைக் காட்டிய அறை இப்போதும் வழக்கம்போலத் தெருவைத்தான் காட்டியது, இருபது வருஷம் தாமதமாகக் காட்டியது, அவ்வளவே. எதிர்வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் தேதி இருந்ததால் கணக்கில் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கு அங்கே என்ன தேதியோ அதே தேதிதான் இங்கேயும், வருஷம்தான் வேறு. பிலோமினா முதலில் பக்கத்துத் தெரு ஜீனத் பீவியிடம் மட்டும் சொன்னாள். ஜீனத் வந்து, கொஞ்ச நேரம் பார்த்து, தன் அம்மா எதிர்ச்சாரி வீட்டு வாசலில் மிளகாய் காயவைப்பதைக் கண்டு, "அம்மா ரோசாப்பூ சேலையில இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு பாயும் தலையணையும் எடுத்துவந்தாள். தலையைச் சுவர்ப் பக்கம் வைத்து மல்லாந்து படுத்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் நேராகத் தெரிகிறது என்று கண்டுபிடித்தவள் அவள்தான்.

அதற்குப் பிறகு ஊர் வந்தது. ஊர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. முதல் வாரம் கும்பல் கும்பலாக வந்து வாயைப் பிளந்தார்கள், இரண்டாம் வாரம் பாய் போட இடம் பிடித்தார்கள், மூன்றாம் வாரம் அவரவர் நேரத்துக்கு வந்து அவரவர் ஆளைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்புகிற நேரம் தெரிந்த பெண்கள் அந்த நேரத்துக்கு வந்து, அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைத் தாண்டிப் போகும் வரை பார்த்து, எழுந்து முந்தானையை உதறிவிட்டு மீன்கடைக்குப் போனார்கள். சுவரில் மழை பெய்த நாளில் வெளியே கிளம்பியவர்கள் மறந்துபோய்க் குடையோடு வெயிலில் நடந்தார்கள். தான் இளவட்டமாக இருந்தபோது தலை நிறைய முடி இருந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்த தச்சு வேலை ஞானப்பிரகாசம், ஒரு நாள் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். அந்த அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்பவே எண்ணெய் வழியுது" என்றாள். இரண்டு அண்ணன் தம்பிகள், பொது முருங்கை மரம் வேலிக்கு எந்தப் பக்கம் நின்றது என்று பார்க்க வந்து, மரத்தைக் கவனிக்காமல், தங்கள் அப்பா பல்விளக்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரே சைக்கிளில் திரும்பிப் போனார்கள்.

சத்தம் இல்லாதது யாருக்கும் குறையாகப் படவில்லை, ஏனென்றால் அதை அவர்களே போட்டார்கள். ஐஸ்வண்டி வந்தால் யாராவது மணியைப் போல நாக்கால் தட்டினார்கள். செபஸ்தியம்மாள் வாயைத் திறந்தால் அறை முழுக்க அவள் வசவைத் தப்பில்லாமல் சொன்னது. பங்குச் சாமியார் வந்து பார்த்து, இதில் பாவம் ஒன்றும் இல்லை, ஆண்டவர் செய்த புதுமை என்று சொல்லத் தனக்கு அதிகாரமும் இல்லை, ஆனால் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் பாய் போடுவது நல்லது என்று சொல்லிவிட்டு, செத்துப்போன தன் உபதேசியார் சைக்கிளில் போவதை மூன்று நாள் வந்து பார்த்தார். டிவிக்காரர்கள் பெரிய கேமராவோடு வந்தார்கள். அதில் சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர்தான் விழுந்தது. கேமராவுக்குள் வந்து கேமராவைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று ஊர் சிரித்தது.

பிலோமினா தினமும் காலையில் தன் புருஷன் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குக் கிளம்பினாள். சாயங்காலம் அவர் திரும்புவதற்குள் ஓடிவந்தாள். சிலநாள் அவருக்குப் பின்னால் அவளே வெளியே வந்து, மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கைக் கொடுப்பாள். எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறோம் என்று இருக்கும். அவர் தூக்கை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்வார், அந்த ஒல்லிப் பெண் சிரிப்பாள், என்ன சொன்னார் என்று இந்தப் பிலோமினாவுக்கு ஞாபகம் வராது. ஒரு நாள் முழுக்க டைப் அடித்துக்கொண்டே அதை யோசிப்பாள்.

தீபாவளி போய், மழை பிடித்து, சுவரிலும் தெருவிலும் தண்ணீர் தேங்கி வடிந்தபோது, ஊரில் பேச்சு குறைந்தது. மார்கழி நெருங்குகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் சுவரில் வாசலுக்கு வாசல் தொங்கத் தொடங்கிய அன்று, படகு வைத்திருக்கும் சிலுவைமுத்து, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"கோர்ட்டம்மா, எம்மவ சகாயமேரி தெனம் எட்டரைக்கு ரெட்டைச் சடை போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறா. நாலு மணிக்கு வந்துர்றா. தெனமும் வந்துர்றா. எனக்கு அது போதும். அந்த நாளைக்கு முந்தின சாயங்காலமே ஓட்டையை அடைச்சிருங்க. வீட்டுக்கு வந்தவளாவே இருக்கட்டும்."

"அடைக்கக் கூடாது" என்றாள் ஜீனத் பீவி, படுத்தபடியே. "எங்கம்மாவைப் பொதுக் குழியில வச்சப்ப மொகத்தைக்கூடக் காட்டல. கடைசி வரைக்கும் பாத்துக்கிறேன். என்ன வந்தாலும் பாத்துக்கிறேன்."

பாதிப் பேர் இவர் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். பிலோமினாவுக்குத் தெரிய வேண்டியது வேறு. சுனாமி வருஷக் கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கும் ஆரோக்கியநாதனுக்கும் பெரிய சண்டை. மாலத்தீவில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது அவருக்கு. அவள் வரமாட்டேன் என்றாள், அவர் போகாமல் இருக்கமாட்டேன் என்றார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, போயிட்டு வர்றேன் என்று சொல்லாமல், "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு, கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் இருந்த அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அதனால்தான் பிழைத்தாள். அவர் உடம்பு கிடைக்கவில்லை. வாசலில் இறங்கி இடது கைப்பக்கம் போனால் கடல், வலது கைப்பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு. அவர் எந்தப் பக்கம் போனார் என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் அன்றைக்கே போய்விட்டார்கள். மாலத்தீவில் அவரைப் போல ஒருவரைப் பார்த்ததாக ஒரு கப்பல்காரர் சொன்னார், வேறு ஆளாக இருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். கல்லறைத் திருநாளில் இறந்தவர் பட்டியலுக்கு அவர் பெயரைக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமலே அவளுக்குத் தலை நரைத்தது.

சிலுவைமுத்து ஓட்டையை அடைக்க உத்தரவு கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். எதிர்வாதி பிலோமினா. அவள் அங்கேயே வேலை பார்க்கிறவள், பத்திரிகைக்காரர்கள் வேறு வாசலில் கூடி நின்றார்கள். முன்சீப் திலகவதி அம்மாள் எல்லாவற்றையும் யோசித்து, விசாரணை 'இன் கேமரா' நடக்கும் என்று உத்தரவு எழுதினார். பெஞ்ச் கிளார்க் தாமோதரன் தாளைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல, பிலோமினாவின் மேஜைக்கு வந்தார்.

"அம்மா, நீங்க பார்ட்டி, உங்ககிட்டக் கேக்கக் கூடாதுதான். ஆனா இதுக்குத் தமிழ்ல என்னம்மா போடுறது?"

காமரா உள்ளில் என்று அவள் வாய் வரைக்கும் வந்தது. "மூடிய அறையில்னு போடுங்க சார்" என்றாள்.

ஊர் அதற்குள் இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டு, கேமரா வைத்துப் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டது. குறித்த நாளில் சிலுவைமுத்து மடிப்புக் கலையாத வேட்டியும் முகத்தில் பவுடருமாக வந்தார். ஜீனத் காதில் புதுத் தோடு. உள்ளே போய்ப் பார்த்தால், புத்தக அலமாரியும் ஒரு மேஜையும் உள்ள சின்ன அறையில், முன்சீப் அம்மாள் கறுப்பு அங்கியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். சிலுவைமுத்து நாலா பக்கமும் பார்த்தார்.

"கேமரா எங்கம்மா?"

"இதுதாங்க. நாம இப்ப உக்காந்திருக்கோமே, இந்த ரூமுக்குத்தான் அந்தப் பேரு. யாருக்கும் கேக்காது, தாராளமாப் பேசுங்க."

அவர் பேசத் தொடங்கி, எட்டரை மணி என்று சொன்னதோடு நின்றுவிட்டார். முன்சீப் அம்மாள் பேனாவை மூடினார். "அந்த அறையை நான் பாக்கணுமே" என்றார்.

அன்று பிற்பகல் வந்தார். அவர் உள்நாட்டுக்காரர், அந்தச் சுவரில் அவருக்கென்று யாரும் இல்லை. நாற்காலி போட்டும் வேண்டாமென்று, எல்லாரையும் போலப் பாயில் தலைவைத்துப் படுத்தார். பூனை ஒன்று மதில்மேல் நடந்தது, யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். பையைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒரு சடை அவிழ்ந்து, சகாயமேரி வந்தாள். முன்சீப் அம்மாள் சுவரைப் பார்க்கவில்லை, சிலுவைமுத்துவின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் உத்தரவு வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை வருவதால் வழக்கு ஜனவரிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

"வாய்தா குடுத்துட்டாங்களே!" என்று ஊர் தலையில் அடித்துக்கொண்டது. பிலோமினாவுக்கு மட்டும் புரிந்தது. அந்த அம்மாள் தீர்ப்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சிலுவைமுத்து அவள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கேக், இன்னொரு கையில் ஈரத்துணியில் சுற்றிய களிமண்.

"வாங்கண்ணே" என்று உட்காரவைத்து, அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சண்டையை, போறேன் என்றதை, இடது வலதை. அத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கேக்கைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரு அலையிலதான் போனாருன்னுல்ல தாயி நான் நெனச்சிட்டிருந்தேன்."

"அப்படித்தானான்னு எனக்குத் தெரியணும்ண்ணே. அவரு போற பக்கம் தெரிஞ்சா போதும். அப்புறம் அடைச்சிருங்க. நானே சொல்றேன்."

"விடியக்காலைலதான் போனாரு?"

"விடிஞ்சதும்."

"அப்பச் சரி" என்றார் அவர். "அலை வர்றதுக்கு நேரமிருக்கும். நான் ஜன்னல்கிட்ட நின்னுக்கிறேன்."

மறுநாள் காலையில் ஊரில் பாதி கடற்கரைக்கு மெழுகுவர்த்தியோடு போயிருந்தது. மீதி பிலோமினா வீட்டுக் காமரா உள்ளில் பாய்க்குப் பாய் இடமில்லாமல் கிடந்தது. சிலுவைமுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில், களிமண்ணை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார். சுவர் மெல்ல வெளுத்தது. நட்சத்திர விளக்குகளை யாரோ ஒவ்வொன்றாக அணைத்தார்கள். ஜீனத்தின் அம்மா வாசல் பெருக்க வந்தார். பெருக்கி முடித்து நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த ஜன்னலை நேருக்கு நேராகப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். ஜீனத் கையை உயர்த்தி நீட்டினாள், கீழே போடவில்லை.

ஆரோக்கியநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பையில்லை, குடையில்லை, சைக்கிள் இல்லை. தெருவில் இறங்கி ஒரு கணம் நின்று, திரும்பி நடந்தார். "கடல் பக்கம் போறாரே" என்று யாரோ சொன்னார்கள்.

"இல்ல" என்றாள் பிலோமினா. "சுவத்துல மாத்தித்தான் தெரியும். அது பஸ் ஸ்டாண்டு பக்கம்."

அப்புறம் சுவரில் அவளே வந்தாள், நீலச் சேலையில், தோளில் பையோடு, விறுவிறுவென்று, அழுத முகத்தோடு, அதே பக்கமாகப் போனாள். பாய்களில் இருந்தவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு இந்தப் பெண்ணைப் பார்த்தார்கள்.

"அடைக்கட்டுமா தாயி?"

விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று தெரிந்துவிட்டது, எங்கோ இருக்கிறார் என்பதும் அதிலேயே இருந்தது, எதை நினைத்து அழுவது என்று அவளுக்குப் புரியவில்லை. "அடைங்கண்ணே" என்றாள்.

சிலுவைமுத்து கையை ஓட்டைக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்துச் சகாயமேரி கிறிஸ்துமஸுக்கு எடுத்த ரோஸ் கவுனைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்து, கவுன் குடைபோல விரியும்படி சுற்றத் தொடங்கினாள். தலைகீழாகத் தெரிந்ததால் பெரிய பூ ஒன்று தொங்கிக்கொண்டு சுற்றுவதுபோல இருந்தது. அவர் கை அங்கேயே நின்றது.

"கொஞ்சம் இரும்மா" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "இந்தக் கவுனை நான் மறந்தே போயிட்டேன். சுத்தி முடிச்சிரட்டும்."

அவள் சுற்றினாள், தலை கிறுகிறுத்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து சுற்றினாள். யாரோ வீட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டிருக்க வேண்டும், ஓடிப்போய் மறைந்தாள். அவர் களிமண்ணை மறுபடி எடுத்தபோது பிலோமினா எழுந்து நின்றிருந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைச் சட்டை வந்துகொண்டிருந்தது. நடையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கையில் வாழையிலைப் பொட்டலம் ஒன்றைச் சூடு தாங்காமல் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, ஆரோக்கியநாதன் திரும்பி வந்தார்.

வாசல் பக்கம் போய்ச் சுவரிலிருந்து மறைந்தார். பூட்டைப் பார்த்திருப்பார். சற்று நேரத்தில் மறுபடி சுவருக்குள் வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு, இந்த ஜன்னலை நோக்கி நடந்து வந்தார். பெரிதானார், இன்னும் பெரிதானார், சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன, சவரம் செய்யாத மோவாய் தெரிந்தது, சுவர் முழுக்க அவர் முகமானது, பிறகு ஒரு கண் மட்டும். அப்புறம் அறை இருண்டுவிட்டது.

"அடைச்சிட்டீங்களா?" என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

"நான் அடைக்கல" என்றது இருட்டில் சிலுவைமுத்துவின் குரல். "மண்ணு எங்கையிலதான் இருக்கு. நான் அடைக்கல."

"அவருதான்" என்றாள் பிலோமினா. "ஓட்டையில கண்ணை வச்சு உள்ள பாக்குறாரு. நான் உள்ள இருக்கேனான்னு பாக்குறாரு."

பாய்களைத் தாண்டி, கால்களை மிதிக்காமல் தடவித் தடவி, அவள் ஜன்னலுக்குப் போனாள். பலகையில் நெற்றியை வைத்தாள். உப்புக்காற்று தின்ற மரத்தின் வாசனை வந்தது.

"உள்ளதான் இருக்கேங்க" என்றாள். "இங்கதான் இருக்கேன்."

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கண்ணை எடுக்கவில்லை. மாதாகோவிலில் அலை வந்த நேரத்துக்கு வருஷா வருஷம் அடிக்கிற மணி அடித்தது, இன்றைய மணி, அதனால் கேட்டது. அது அடித்து ஓய்ந்த பிறகும் அறை இருட்டாகவே இருந்தது. அந்த இருட்டில் முதலில் யாரோ தன் தம்பியின் பெயரைச் சொன்னார்கள், பிறகு இன்னொருவர் இன்னொரு பெயர், பிறகு அவரவர்க்கு உரியவர்களை எல்லாரும் சொன்னார்கள். வெகுநேரம் சொன்னார்கள். அலையை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் பிலோமினா கொக்கியை நீக்கி ஜன்னலை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். வெளியே யாருமில்லை. வானம் மேலேயும் வீடுகள் கீழேயும் இருந்தன. ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, எந்த வீட்டிலோ குக்கர் விசிலடித்தது, அந்தச் சத்தங்களுக்கு எல்லாரும் திடுக்கிட்டுக் கண்ணைக் கசக்கினார்கள். வெயில் அறைக்குள் வந்து சுவரை வெறும் சுவராக்கியது. அதன்பிறகு அவள் அந்த ஜன்னலைச் சாத்தவே இல்லை. ஜனவரியில் வழக்கு வந்தபோது, அடைக்க ஓட்டை எதுவும் மீதமில்லை என்று சிலுவைமுத்துவே சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு யாரும் உடனே கிளம்பவில்லை. பாய்களைச் சுருட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைமுத்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்:

"வாத்தியாரு கையில ஏதோ பொட்டலம் வச்சிருந்தாரே, அது என்னம்மா?"

"இடியாப்பமா இருக்கும்" என்றாள் பிலோமினா. "சண்டை போட்டா எனக்கு அதைத்தான் வாங்கிட்டு வருவாரு."

"ஞாயித்துக்கிழமை இடியாப்பம் ஏது?" என்றார் ஞானப்பிரகாசம். "பஸ் ஸ்டாண்டுல அப்ப இருந்ததே ஒரு கடை. புட்டுதான் போடுவான்."

"புட்டை யாரு வாழையிலையில கட்டித் தருவா? இட்லியா இருக்கும்."

"ரெண்டு கடை இருந்துச்சு. எங்கம்மாவுக்கு நான்தானே போய் வாங்கியாருவேன்" என்று ஜீனத் எழுந்து உட்கார்ந்தாள்.

"இடியாப்பம்தான்" என்றாள் பிலோமினா, ஜன்னலில் சாய்ந்து நின்றபடி. "தேங்காப்பாலைத் தனியாக் கட்டி வாங்கியிருப்பாரு. எனக்குத் தெரியாதா?"

அந்தத் தேங்காய்ப்பாலுக்குச் சர்க்கரை போடுவார்களா, ஏலக்காய் போடுவார்களா என்று பின்வரிசைப் பாயிலிருந்து ஒருவர் கேட்க, ஆளாளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தார்கள்.